மலைக்குளிரில் டெகுவுக்கு ஒரு கூண்டு: சட்டை உரிதலையும் சீற்றத்தையும் முன்வைத்து ஒரு மதிப்பீடு

கோவையில் ஒரு பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வித்த கூண்டில், கோத்தகிரியில் உள்ள என் வீட்டில், தென்னமெரிக்கப் பெரும்பல்லியான டெகு ஒன்று, முழு வளர்ச்சி பெற்ற ஆண், வசித்து வருகிறது. கூண்டின் நீளம் எட்டடி, அகலம் நாலடி, உயரம் நாலடி. சுவர்கள் பிவிசி ஷீட்டால் ஆனவை. முன்புறத்தில் டஃபன்ட் கண்ணாடிக் கதவுகள் உள்ளன. அடித்தளம் இரும்புச் சட்டத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. இரண்டு பருவமழைகளையும் அவற்றைத் தொடர்ந்த பனிக்காலத்தையும் கூண்டு பார்த்துவிட்டதால், அதன் நிறைகுறைகளை இப்போது எழுதலாம். சட்டை சரியாக உரியாமல் விரல்களில் ஒட்டிக்கொள்வது ஏன் என்பதும், நேற்றுவரை மடியில் கிடந்த விலங்கு இன்று சீறுவது ஏன் என்பதும் டெகு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள். இவற்றுக்கு மருந்துப் புட்டியிலோ பயிற்சி முறையிலோ விடை தேடுவதற்கு முன் விலங்கு வாழும் கூண்டை ஆராய வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே இந்தக் கூண்டையும் அந்த இரண்டு அளவுகோல்களாலேயே அளக்கிறேன்.

அர்ஜென்டினா, உருகுவே, தெற்குப் பிரேசில் ஆகிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட கறுப்பு வெள்ளை டெகு, சால்வேட்டர் மெரியானே என்னும் அறிவியல் பெயர் கொண்டது. ஆண் விலங்கு நாலடிக்கும் மேல் வளரும். மண்ணில் வளை தோண்டி வாழும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அந்த வளைக்குள் உறங்கும். அதன் தோலுக்குச் சுற்றுக்காற்றில் எழுபது முதல் எண்பது விழுக்காடு ஒப்பீரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீரில் அப்போது அதில் உள்ள பங்கு) வேண்டும் என்பது வளர்ப்போர் பொதுவாக ஏற்கும் கணக்கு. நீலகிரியில் இருப்பவர்கள் இதைக் கேட்டதும் நிம்மதி அடைகிறார்கள். வாசலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வருகிற ஊரில் ஈரத்துக்கு என்ன குறை என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால் அந்த ஈரம் கூண்டுக்குள் வருவதில்லை. பத்து டிகிரி வெப்பத்தில் தொண்ணூறு விழுக்காடு ஈரப்பதத்துடன் இருக்கும் காற்றை, புதிதாக நீர் எதுவும் சேர்க்காமல், இருபத்தெட்டு டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பீரப்பதம் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். காற்றில் உள்ள நீரின் அளவு மாறுவதில்லை. சூடான காற்று தாங்கக்கூடிய நீரின் அளவு கூடிவிடுவதால் விழுக்காடு குறைகிறது. டெகுவுக்கோ வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு நாற்பத்தைந்து முதல் ஐம்பது டிகிரி வரையிலும், கூண்டின் குளிர்ந்த முனை இருபத்தைந்து டிகிரியை ஒட்டியும் இருக்க வேண்டும். எனவே மலையில் விளக்குகளும் ஹீட்டரும் ஓயாமல் எரிகின்றன; சன்னலுக்கு வெளியே மூடுபனி நிற்க, கண்ணாடிக்கு உள்ளே விலங்கின் தோல் வறண்டுகொண்டிருக்கிறது. சமவெளியில், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில், டெகு வளர்ப்போருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இருக்காது. அவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கூண்டின் முதல் சிறப்பு, அந்த வறட்சியை அது தடுக்கும் விதம். வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டிகளில் சூடான காற்று மேலே ஏறி மூடி வழியாக வெளியேறிவிடுகிறது. எவ்வளவு நீர் தெளித்தாலும் ஒரு மணி நேரத்தில் வறண்டு போகிறது. இங்கே கூரை முழுவதும் மூடப்பட்டிருக்கிறது. காற்றுத் துளைகள் ஒருபக்கச் சுவரின் அடியிலும் எதிர்ச்சுவரின் உச்சியிலும் மட்டுமே உள்ளன. திறக்கவும் மூடவும் நகர்த்துத் தகடுகள் பொருத்தியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் முழுவதும் திறந்தும், ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் பாதி மூடியும் வைக்கிறேன். தகடு என்னவோ சாதாரணமான பொருள்தான். ஆனால் இரண்டு பருவமழைகளுக்கும் இடையில் இவ்வளவு வேறுபடும் ஓர் ஊரில் அது இல்லாத கூண்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது சிறப்பு, கதவுக்குக் கீழே ஓரடி உயரத்துக்கு அமைந்த தொட்டிப் பகுதி. டெகுவின் தோலுக்குத் தேவையான ஈரம் காற்றிலிருந்து வருவதைவிட மண்ணிலிருந்தே அதிகமாக வருகிறது. ஓரடி ஆழத்துக்குப் படுக்கை இருந்தால் மேற்புறம் உலர்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். விலங்கு தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே தோண்டித் தேடிக்கொள்ளும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை ஊறவைத்து, அதனுடன் தோட்டமண்ணும் சிறிது மணலும் கலந்து நிரப்பியிருக்கிறேன். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், நாற்றங்கால்களுக்கு விற்கும் கழுவிய வகையையே கேட்டு வாங்க வேண்டும். மேலே தூவுவதற்குத் தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கின் சருகு போதும். மலையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தைல மரச் சருகையோ பைன், சீடார் வகை மரத்தூளையோ போடக்கூடாது. அவற்றின் நெடி மூடிய கூண்டில் மூச்சுக்குழலுக்கு ஆகாது. படுக்கையைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. சொட்டினால் வயிற்றுப்புறச் செதில்களில் கொப்புளம் எழும். ஈரமாக இருப்பதும் நனைந்து கிடப்பதும் வேறு வேறு என்பதைப் பல வளர்ப்போர் கவனிப்பதில்லை.

இதன் பலன் சட்டை உரிதலில் தெரிகிறது. பாம்பு முழுச் சட்டையாகக் கழற்றுவதைப் போல டெகு செய்வதில்லை; முதுகில் ஒரு துண்டு, தொடையில் ஒரு துண்டு, தலையில் சில்லுகளாக என்று பல நாட்களில் உரிக்கிறது. உடம்பில் ஒட்டி நிற்கும் துண்டு அழகைக் கெடுக்குமே தவிர ஆபத்தில்லை. விரல்களிலும் வால்நுனியிலும் நிற்கும் துண்டே ஆபத்தானது. அங்கே பழைய தோல் வளையமாக உலர்ந்து, விரலில் நூலை இறுக்கிச் சுற்றியது போலக் குருதியோட்டத்தைத் தடுக்கும். அடுத்த உரிதலில் அதன்மேல் இன்னொரு வளையம் சேரும். வீக்கம், நிறமாற்றம், கறுத்துப்போதல் என்று சென்று கடைசியில் நுனி உதிர்ந்துவிடும். என்னிடம் உள்ள விலங்கு, வளர்க்க இயலாத ஒரு குடும்பத்தாரிடமிருந்து வந்தது. வரும்போதே ஒரு பின்கால் விரலின் நுனி இல்லை, வால்நுனியில் பல அடுக்குத் தோல் இறுகியிருந்தது. ஆழமான ஈரப் படுக்கைக்கு மாறிய பிறகு உடம்பிலும் கால்களிலும் உரிதல் தானாகவே ஒழுங்குபட்டது. வால்நுனி மட்டும் இன்னும் உதவி கேட்கிறது.

அந்த உதவிக்கும் ஒரு முறை உண்டு. தோள்பட்டை உயரத்துக்கு மேற்படாத, முப்பது டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில் விலங்கை அரைமணி நேரம் இருக்க விட்டு, ஈரமான பருத்தித் துணியால் நுனியை நோக்கி மெல்லத் தேய்க்க வேண்டும். வருவது வரட்டும், வராததை மறுநாளைக்கு விட வேண்டும். அடியில் புதுத்தோல் முதிர்வதற்கு முன் பழையதை இழுத்தால் காயமும் வடுவும் ஏற்படும், வடுவின் மேல் அடுத்த சட்டை இன்னும் மோசமாக ஒட்டும். இந்தக் குளியல் நீளமான கூண்டில் கொஞ்சம் எளிதாகிறது, ஏனென்றால் விலங்கு முழுதாக இறங்கிப் படுக்கும் அளவுக்கு ஒரு நீர்த்தொட்டியைக் கதவருகே வைக்க இடம் இருக்கிறது. சட்டை உரிய உதவும் என்று விற்கப்படும் தெளிப்பு நீர்மங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நல்ல படுக்கைக்கு அவை ஈடாகா. ஈரம் சரியாக இருந்தும் உரிதல் தொடர்ந்து கெடுமானால் உண்ணி, வைட்டமின் ஏ குறைபாடு, நீரிழப்பு, பழைய தீப்புண் ஆகியவற்றை ஆராய ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மலையில் இருப்போருக்கு அது பெரும்பாலும் கோவைப் பயணம்தான்.

பட்டறைக்காரர்கள் கூண்டுடன் சேர்த்து, நீரை நுண்துளிகளாக்கிப் பரப்பும் மீயொலிப் புகைமூட்டக் கருவி ஒன்றையும் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லி அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடிக்குப் பின்னே வெண்புகை தவழ்வது பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், விருந்தினர்களும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அது மேற்பரப்பை நனைக்கிறதே தவிர ஆழத்துக்கு ஈரம் தருவதில்லை. அதன் தொட்டியை அடிக்கடி கழுவாவிட்டால் அழுக்கு நீரே நுண்துளிகளாகி விலங்கின் நுரையீரலுக்குப் போகிறது. அதைவிட முக்கியமாக, அந்தக் கருவியின் நீர்த்தொட்டி கூண்டுக்கு உள்ளே பொருத்தப்படுகிறது. நிரப்புவதற்குத் தினமும் விலங்கின் இருப்பிடத்துக்குள் கையை நுழைக்க வேண்டும். சீற்றத்தைக் குறைக்க விரும்புகிறவர் தவிர்க்க வேண்டிய முதல் செயல் அதுவே.

சீற்றம் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவை உண்மையில் வெவ்வேறு நிலைகள். மேலிருந்து வரும் கையைப் பருந்தின் வரவாக எண்ணி, கழுத்தை உப்பவைத்து, மூச்சைப் பலமாக விட்டு, வாலைச் சுழற்றி அடிப்பது அச்சம். கதவு திறந்ததும் பாய்ந்து வருவது பசியும் பழக்கமும் சேர்ந்தது. குளிருறக்கம் முடிந்த வாரங்களில் வளர்ந்த ஆண் விலங்கு யாரைக் கண்டாலும் எதிர்கொள்வது இனப்பெருக்கப் பருவத்தின் விளைவு. இறுகிய விரலைத் தொட்டவுடன் கடிக்க வருவது வலி. வெளியே பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றாகத் தோன்றும்; தீர்வு நான்குக்கும் வேறு. ஆகவே டெகு திடீரென்று முரடாகிவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் விரல்களையும் வால்நுனியையும் பார்த்தீர்களா என்றே கேட்கிறேன். கண்ணோரத்திலும் காதுத் துளையருகிலும் பாதி உரிந்து நிற்கும் தோல்கூட விலங்கை எரிச்சல்படுத்தும். அந்த நாட்களில் தூக்காமல் விட்டுவிடுவது உத்தமம்.

அச்சத்தையும் பசிப் பாய்ச்சலையும் பொறுத்தவரை இந்தக் கூண்டின் வடிவமைப்பு பாராட்டுக்குரியது. கதவு முன்புறத்தில் இருப்பதால் கை விலங்கின் கண்மட்டத்தில், அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போகிறது. மேலே திறக்கும் தொட்டியில் இருந்தபோது என் விலங்கு ஒவ்வொரு முறையும் உப்பிச் சீறியது. இங்கே வந்த பிறகு கதவு நகரும் ஒலிக்குத் தலையை உயர்த்தி நாக்கை நீட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இடப்பக்கச் சுவரில், நான் கேட்டு வைத்த ஒரு சிறிய கதவு உண்டு. உணவு எப்போதும் அதன் வழியாகவே, நீண்ட இடுக்கியாலோ தட்டிலோ போகும். பெரிய கதவு ஒருநாளும் உணவுக்காகத் திறப்பதில்லை. பெரிய கதவுக்கும் இரைக்கும் தொடர்பில்லை என்று விலங்கு கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடித்தன. முட்டையும் இறைச்சியும் பழமும் தின்னும் இந்த விலங்கின் தாடை வலிமையைப் பார்த்தவர்கள் அந்தச் சிறு கதவுக்கு ஆகும் கூடுதல் செலவைப் பற்றி முணுமுணுக்க மாட்டார்கள். முழுமையாகச் சமாளிக்க முடியாதது பருவச் சீற்றம் மட்டுமே. அதற்குக் கூண்டில் மருந்தில்லை. அந்த வாரங்களில் கையில் எடுக்காமல், தடித்த கையுறையும் பொறுமையும் வைத்துக்கொண்டு சுத்தம் செய்துவிட்டு விலக வேண்டும்.

வெப்பத்துக்கும் குணத்துக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்ல வேண்டும். கோத்தகிரி சுமார் 1800 மீட்டர் உயரத்தில், தொட்டபெட்டாவின் கிழக்கே இருப்பதால் ஊட்டி அளவுக்கு உறைபனி இல்லை என்றாலும், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வீட்டுக்குள்ளும் நன்றாகக் குளிரும். பகலில் விளக்கால் சூடாகவும் இரவில் குளிர்ந்தும் இருக்கும் கூண்டில் டெகு முழுதாக விழித்திருப்பதும் இல்லை, முழுதாக உறங்குவதும் இல்லை. தின்றது செரிக்காது, சட்டை பாதியில் நின்றுபோகும், தொட்டால் எரிந்து விழும். உறங்க விடுவதென்றால் உணவை முன்கூட்டியே நிறுத்திச் சீரான குளிரில் உறங்க விட வேண்டும். விழித்திருக்கச் செய்வதென்றால் இரவிலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்காமல் காக்க வேண்டும். இந்தக் கூண்டின் பிவிசி சுவர் கண்ணாடியைவிடச் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கிறது. காற்றோடு மழை அடிக்கும் நாட்களில் கம்பி மேல் மரம் விழுந்து மின்சாரம் போனாலும், ஓரடிப் படுக்கையின் அடியில் வெப்பம் மெதுவாகவே இறங்குகிறது. கூடவே வரும் தெர்மோஸ்டாட் நம்பகமானது; அதன் உணர்கம்பியைச் சுவரில் தொங்கவிடாமல் விலங்கு படுக்கும் மட்டத்தில் பொருத்தச் சொல்ல வேண்டும். புற ஊதாக் கதிர் தரும் யூவிபி குழல்விளக்கைக் கண்ணாடிக்கு வெளியே வைக்கலாம் என்று பட்டறையில் ஒருவர் சொன்னது சரியன்று. அந்தக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால் விளக்கு உள்ளேதான் இருக்க வேண்டும், வலைக் கூட்டுக்குள்.

குறைகளும் கொஞ்சமல்ல. கண்ணாடிக் கதவு ஓடும் கீழ் அலுமினிய சேனலில் நார்க்கழிவு புகுந்து அடைத்துக்கொள்கிறது. தூரிகையால் தினமும் தட்டாவிட்டால் கதவு பாதியில் நிற்கும். மலைச் சாலையில் வரும்போது ஒரு மூலையில் சிலிக்கான் விட்டுப்போயிருந்தது. பட்டறை பசையை அனுப்பியதே தவிர ஆளை அனுப்பவில்லை. புதிதாக அடித்த சிலிக்கானின் நெடி போக நன்றாகக் காற்றாட வைக்க வேண்டும் என்பதை அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கலாம். இரவில் அறைவிளக்கு அணைந்து கூண்டுவிளக்கு எரியும் நேரத்தில் கண்ணாடி உட்புறமாக விலங்கின் உருவத்தையே அதற்குக் காட்டுவதால், அது அந்த உருவத்தை நோக்கி உப்பிக்கொண்டு நிற்கிறது. கீழ்ப்பாதிக்கு ஒளிபுகாத படலம் ஒட்டியதும் அது நின்றது. எடையைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. எட்டுக்கு நாலடிப் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு ஈர மண்ணும் நார்க்கழிவும் நிரப்பினால் அரை டன்னைத் தாண்டும். நீலகிரியின் பழைய பங்களாக்களில் மரப்பலகைத் தளம் உள்ள மாடி அறைகளில் இதை வைப்பது விபரீதம். தரைத்தளத்தில், சிமெண்டுத் தரையில் மட்டுமே வைக்க வேண்டும்.

கூண்டை இறக்க வந்தவர் உள்ளே இருந்ததைப் பார்த்ததும், "ஏனுங்க, உடும்பு வளத்துனா கேஸ் ஆயிடாதுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். டெகு அயல்நாட்டு விலங்கு என்பதால் விதி வேறு, ஆனால் விதியே இல்லை என்று பொருளில்லை. 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் இடம்பெற்ற உயிரினங்களை, டெகு உட்பட, நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றை வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் 2024 ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். என் விலங்கின் கைமாற்றத்தை அவ்வாறு பதிந்தே ஏற்றுக்கொண்டேன். ஆவணம் காட்ட இயலாதவர் விற்கும் டெகுவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது.

அயல்நாட்டு விலங்கு தப்பிவிடக்கூடாது என்பதால் பூட்டின் தரமும் மதிப்பீட்டில் சேர்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தப்பியும் கைவிடப்பட்டும் காட்டில் பெருகிய டெகுக்கள் முதலையின முட்டைகளைக்கூடத் தோண்டித் தின்பது பதிவாகியிருக்கிறது. 2021 இல் அம்மாநிலம் அவற்றைத் தடைசெய்யப்பட்ட உயிரினப் பட்டியலில் சேர்த்தது. மலைக்குளிர் தாங்காமல் செத்துவிடும் என்று இங்கே நம்பி இருக்கவும் முடியாது, ஏனென்றால் இனப்பெருக்கப் பருவத்தில் டெகு தன் உடல்வெப்பத்தைச் சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரி வரை உயர்த்திக்கொள்ளும் என்று 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. சோலைகளில் தரையில் கூடுகட்டும் பறவைகள் உள்ள ஓர் உயிர்க்கோளக் காப்பகத்தின் நடுவே நாம் குடியிருக்கிறோம். கூண்டோடு வந்த பூட்டு, கடைகளில் காட்சிப்பெட்டிக்குப் போடும் சிறு பற்பூட்டு. கதவை நகத்தால் நெம்பத் தெரிந்த விலங்குக்கு அது போதாது. இருபுறமும் தாழ்ப்பாள் வைத்துத் தொங்குபூட்டு போட்டிருக்கிறேன்.

விலை, வண்டிவாடகையும் இறக்குகூலியும் சேர்த்து, ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டியின் விலையைத் தாண்டுகிறது. அதற்குத் தகுந்த பொருள் என்றே சொல்வேன், ஆனால் அவர்கள் காட்டும் மாதிரியை அப்படியே வாங்கும்போது அன்று. புகைமூட்டக் கருவியை நீக்கி அந்தப் பணத்தில் பக்கவாட்டு உணவுக் கதவைக் கேளுங்கள். கீழ்ச் சேனலைத் தொட்டி விளிம்புக்கு நாலு விரற்கடை மேலே உயர்த்தச் சொல்லுங்கள். தாழ்ப்பாள்களைப் பட்டறையிலேயே பொருத்தச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் மூலைச் சிலிக்கானை உங்கள் வீட்டில் வந்து பூசித்தருவதாக எழுதி வாங்குங்கள். வண்டி ஏற்றுவதற்கு வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு நாள் குறிப்பது நல்லது, மண்சரிவுக் காலத்தில் மேட்டுப்பாளையத்துக்கு மேலே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்து நிற்க எந்த ஓட்டுநரும் விரும்புவதில்லை.